குமாரமங்கலம் தந்த முதல் மந்திரி

திருச்செங்கோட்டு மலையைச் சுற்றி விரிந்து கிடக்கும் மேட்டு நிலத்தில், ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லாத இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று குமாரமங்கலம், மற்றொன்று புதுப்பாளையம். குமாரமங்கலத்து ஜமீன் குடும்பத்தில் 1889ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் ப. சுப்பராயன், 1926 டிசம்பர் முதல் 1930 அக்டோபர் வரையில் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தார். புதுப்பாளையத்தில் 1925ஆம் ஆண்டு காந்தி ஆசிரமத்தை ஸ்தாபித்து, கதரையும் மதுவிலக்கையும் கிராமம் கிராமமாகப் பரப்பிக்கொண்டிருந்த சேலம் வக்கீல் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார், 1937 ஜூலையில் அதே மாகாணத்தின் பிரதம மந்திரியானார். ஆந்திரக் கரையோர ஜில்லாக்களும், ராயலசீமையும், மலையாளக் கரையும், தென் கன்னடமும், தமிழகம் முழுவதும் அடங்கிய ஒரு பெரும் மாகாணத்தின் மந்திரி சபைக்குத் தலைமை தாங்கிய இருவரை, பதினோராண்டு இடைவெளிக்குள், ஒரே தாலுகாவின் மண் அனுப்பி வைத்திருக்கிறது.

இவ்விருவரில் இராஜாஜியை உலகம் அறியும். தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது; அவரைப் போற்றுவோரும் தூற்றுவோரும் இன்றளவும் ஓயவில்லை. சுப்பராயனைப் பற்றியோ, சேலம், நாமக்கல் ஜில்லாக்களிலேயே படித்தவர்கள்கூட, ராணுவத் தலைமைத் தளபதியாக விளங்கிய ஜெனரல் குமாரமங்கலத்தின் தகப்பனார் என்றும், மத்திய மந்திரி மோகன் குமாரமங்கலத்துக்கும் பார்வதி கிருஷ்ணனுக்கும் தந்தை என்றும், ரங்கராஜன் குமாரமங்கலத்தின் பாட்டனார் என்றும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். சரித்திரப் புஸ்தகங்கள் அவரைக் குறிப்பிடும்போது, கவர்னரின் தயவில் பதவி வகித்தவர் என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரியில் உண்மை உண்டு. ஆனால் அது அவருடைய பொதுவாழ்வின் முதல் அத்தியாயத்துக்கு மட்டுமே பொருந்துகிற உண்மை. முழு வாழ்வையும் அந்த ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அவர் எத்தகைய ஆசனத்தில் அமர்ந்தார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1919ஆம் ஆண்டின் சட்டம் மாகாண அரசாங்கத்தை இரண்டாகப் பிளந்தது. கல்வி, ஸ்தல ஸ்தாபனம், சுகாதாரம், விவசாயம் முதலிய இலாகாக்கள் சட்டசபைக்குப் பொறுப்பான மந்திரிகளிடம் விடப்பட்டன. போலீஸ், நிதி, நிலவரி, பாசனம் ஆகியவை கவர்னரும் அவருடைய நிர்வாக சபையும் ஆளும் ஒதுக்கப்பட்ட இலாகாக்களாக நின்றன. அந்த அமைப்பின்கீழ் 1920 டிசம்பரில் கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். உடல்நலக் குறைவால் சில மாதங்களிலேயே விலகினார். அவருக்குப் பின் பனகல் ராஜா ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆண்டார். மேட்டூரில் ஸ்டான்லி அணை எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் சேலம் ஜில்லாக்காரரான சுப்பராயனே மாகாணத்தின் முதல் மந்திரியாக வீற்றிருந்தார். ஆயினும் பாசனம் ஒதுக்கப்பட்ட இலாகாவாகையால், தம் சொந்த ஜில்லாவில் தேக்கப்படும் காவேரித் தண்ணீரைப் பற்றி உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. அக்காலத்து முதல் மந்திரி என்பவர் எவ்வளவு பெரியவர், எவ்வளவு சிறியவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

1926ஆம் ஆண்டுத் தேர்தலில் சுயராஜ்யக் கட்சி 41 ஸ்தானங்களைப் பெற்றுத் தனிப்பெருங்கட்சியாக வந்தது. ஜஸ்டிஸ் கட்சி 21 ஸ்தானங்களோடு தளர்ந்து நின்றது. பதவி ஏற்பதில்லை என்ற காங்கிரஸ் விரதத்தால் சுயராஜ்யக் கட்சியார் மந்திரி சபை அமைக்க மறுத்தனர். பலம் குறைந்த ஜஸ்டிஸ் கட்சிக்கு அமைக்க இயலவில்லை. கவர்னர் கோஷன் பிரபு, கட்சி சாராதவரும், ஆக்ஸ்போர்டில் பயின்றவருமான சுப்பராயனை அழைத்தார். 132 பேர் கொண்ட சபையில் 34 பேர் நியமன அங்கத்தினர்; ஜனங்களின் வாக்கால் வராத அந்த 34 பேரின் ஆதரவே மந்திரி சபைக்கு முதுகெலும்பாயிற்று. சைமன் குழுவைப் பகிஷ்கரிக்கும் பிரச்னை வந்தபோது, அவருடைய சகாக்களான ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் பதவியைத் துறந்தனர், சுப்பராயன் துறக்கவில்லை. நேற்றுவரை எதிர்த்த ஜஸ்டிஸ் கட்சி கைகொடுக்க, புதிய சகாக்களோடு அவருடைய ஆட்சி நீடித்தது. தேசம் முழுவதும் கருப்புக்கொடி ஏந்தி நின்ற அந்த வேளையில் அவர் விலகியிருந்தால், அவருடைய பெயர் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். இதை மறைத்து அவருக்குப் புகழ் தேடுவது அவருக்கே செய்யும் அபசாரமாகும்.

ஆனால் நாற்காலியைப் பற்றிக்கொண்டிருந்தவர் அதில் அமர்ந்து என்ன செய்தார் என்றும் பார்க்க வேண்டுமல்லவா? எஸ். முத்தையா முதலியார் அரசாங்க உத்தியோகங்களில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தைக் காகிதத்திலிருந்து காரியத்துக்குக் கொண்டுவந்தது இந்த மந்திரி சபையில்தான். பின்னாளில் தமிழ்நாட்டின் இட ஒதுக்கீட்டுக் கொள்கை முழுவதற்கும் அடிப்படையான காரியம் அது. இந்தியாவிலேயே முதன்முறையாக ஒரு மாகாணச் சட்டசபையின் சட்டத்தால் சர்வீஸ் கமிஷன் ஒன்று ஏற்பட்டதும் இந்த ஆட்சியில்தான். அதற்கான சட்டம் 1929ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்று குரூப் தேர்வுகளுக்காக சேலத்திலும் ராசிபுரத்திலும் இரவு பகலாகப் படிக்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்களில், அந்த ஸ்தாபனத்தின் பிறப்புக்கும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் ஆட்சிக்கும் சம்பந்தமுண்டு என்று அறிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானதும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டசபையில் அமர்ந்து தேவதாசி முறைக்கு எதிராக முதல் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியதும் அதே ஆண்டுகளில்தான். அம்மையாரின் முயற்சிக்கு அம்மையாரே கர்த்தா. அந்தப் புகழில் பங்கு கேட்க எந்த மந்திரிக்கும் உரிமையில்லை. ஆயினும் அத்தகைய குரலுக்கு இடங்கொடுத்த சபையாக அது இருந்தது.

இனி நான் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். 1930ஆம் ஆண்டில் பதவி போய்விட்டது. ஜஸ்டிஸ் கட்சியின் முனுசாமி நாயுடுவும், அவருக்குப் பின் பொப்பிலி ராஜாவும் முதல் மந்திரிகளாயினர். அரசனைப்போல் வாழ வசதி படைத்த ஒரு ஜமீன்தார், பெருமைக்குரிய பதவியை ஒருமுறை வகித்தாயிற்று என்று திருப்தியடைந்து ஊர் திரும்பியிருக்கலாம். சுப்பராயன் சட்டசபையிலேயே இருந்தார். 1932 நவம்பரில், ஹரிஜனங்களின் ஆலயப் பிரவேசத்துக்கு ஆதரவான ஒரு தீர்மானத்தை அவர் அங்கே கொண்டுவந்தார். சபை அதை ஏற்றது. தீர்மானத்தோடு நில்லாமல், ஆலயப் பிரவேசத்துக்கு உள்ள சட்டத் தடைகளை நீக்கும் மசோதா ஒன்றையும் தயாரித்தார். காந்தியடிகள் எரவாடாச் சிறையிலிருந்தபடி, குருவாயூர்க் கோயிலை முன்னிட்டு உண்ணாவிரதம் இருப்பதா வேண்டாமா என்று ஆலோசித்துக்கொண்டிருந்த காலம் அது; நாட்டின் கண்களெல்லாம் இந்த மசோதாவின்மேல் பதிந்திருந்தன. 1933 ஜனவரியில் வைசிராய் வில்லிங்டன் பிரபு, இது ஒரு மாகாணம் தனித்துத் தீர்க்கக்கூடிய விஷயமன்று என்று காரணம் கூறி, மசோதாவைச் சபையில் கொண்டுவருவதற்கே அனுமதி மறுத்துவிட்டார். கவர்னரின் தயவில் பதவி வகித்தவர் என்று இகழப்பட்டவரின் மசோதா, அந்தக் கவர்னருக்கும் மேலான வைசிராயின் கையால் தடுக்கப்பட்டது. இதையும் அந்த ஒரு வரிச் சரித்திரத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டாமா?

1935ஆம் ஆண்டின் சட்டம் இரட்டை ஆட்சியை மாகாணங்களிலிருந்து நீக்கியது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் 215 ஸ்தானங்களில் 159ஐ வென்றது. பொப்பிலி ராஜாவே வி. வி. கிரியிடம் தோற்றார். ஆயினும், தன் விசேஷ அதிகாரங்களைக் கொண்டு அன்றாட நிர்வாகத்தில் தலையிடுவதில்லை என்று கவர்னர் உறுதி சொன்னாலொழியப் பதவி ஏற்பதில்லை என்று காங்கிரஸ் நின்றது. ஏப்ரல் முதல் ஜூலை வரை, கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் தலைமையில் ஓர் இடைக்கால மந்திரி சபை, சபையின் ஆதரவு இல்லாமலே இருந்து கழிந்தது. வைசிராயின் சமாதான அறிக்கைக்குப் பிறகே ஜூலை 14ஆம் தேதி இராஜாஜி பிரதம மந்திரியானார். மந்திரிகளுக்கு மாதம் 500 ரூபாய் சம்பளம் என்று காங்கிரஸ் வரையறுத்தது. பத்துப் பேர் கொண்ட அந்த மந்திரி சபையில் சட்டத்துக்கும் கல்விக்கும் மந்திரியாக அமர்ந்தவர், ஏழாண்டுகளுக்கு முன் அதே மாகாணத்தின் முதல் மந்திரியாயிருந்த சுப்பராயன்.

தலைமையில் இருந்தவர் பிறர் தலைமையின்கீழ்ப் பணியாற்றுவது நம் அரசியலில் எவ்வளவு அரிது என்று சொல்ல வேண்டியதில்லை. தலைமை கிட்டாதபோது கட்சியை உடைப்பதும், உடைந்த துண்டுக்குத் தலைவராவதும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். ஜமீன்தார், ஒரு காலத்து முதல் மந்திரி, தம் தாலுகாவிலேயே ஆசிரமம் நடத்தியவருக்குச் சகாவாக இணைந்து உழைத்ததை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

அந்த மந்திரி சபையின் பெரிய சோதனைக்களமும் சேலம் ஜில்லாதான். 1937 அக்டோபர் முதல் தேதி, இந்தியாவுக்கே வழிகாட்டியாக, மதுவிலக்கு இங்கேதான் முதலில் அமுலாயிற்று. ஒசூரிலிருந்து நாமக்கல் வரை பரந்திருந்த அன்றைய பெரிய ஜில்லாவில், கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் ஒரே நாளில் மூடப்பட்டன. சனிக்கிழமைக் கூலியைக் கையில் வாங்கிய நெசவாளி கடைவழியே போகாமல் வீட்டுக்கு வந்தான். அவன் மனைவிக்கு அந்தக் கூலி முழுசாகக் கிடைத்தது. கலெக்டராயிருந்த டிக்ஸன் என்ற ஆங்கிலேயர் இத்திட்டத்தை உத்ஸாகத்தோடு நடத்தினார் என்பதும், சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் இதன் பலன்களை ஆராய்ந்தார் என்பதும் நினைவுகொள்ளத் தக்கவை. மறுபக்கமும் உண்டு. இடுப்பில் பாளை அரிவாளைச் செருகிக்கொண்டு, விடியுமுன் பனையேறி முட்டிகளை இறக்கிவந்த மரமேறிகளின் ஜீவனம் அன்றோடு அறுந்தது. சுண்ணாம்பு தடவிய முட்டியில் தெளுவு இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிப் பிழைக்கலாம் என்றனர். கள்ளுக்கு இருந்த விலை கருப்பட்டிக்கு எப்படி வரும்? அவர்களுடைய கஷ்டத்தைச் சரித்திரம் இன்னும் சரிவரப் பதிவு செய்யவில்லை. ஆயத்தீர்வை இழப்பை ஈடுசெய்ய 1939ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட பொது விற்பனை வரிதான், பிற்காலத்தில் இந்திய மாகாணங்களுக்கெல்லாம் பிரதான வருவாயாக வளர்ந்தது.

அதே மந்திரி சபை 1938ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியது. நடராசன், தாளமுத்து என்ற இரண்டு வாலிபர்கள் சிறைப்பட்டு மாண்டனர். கல்வி மந்திரி சுப்பராயனே. இந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க நான் விரும்பவில்லை. ஆனால் 1955ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் பி. ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழிக் கமிஷனை நியமித்தபோது, அதில் அங்கம் வகித்து, ஹிந்தியை அவசரமாகப் புகுத்துவதற்கு எதிராகத் தனி அபிப்பிராயம் எழுதியவர் இருவர்: ஒருவர் வங்காளத்து மொழியறிஞர் சுநீதிகுமார் சட்டர்ஜி, மற்றொருவர் இதே சுப்பராயன். தம் மந்திரி சபையின் கொள்கை மக்களிடம் உண்டாக்கிய வேதனையைக் கண்ணால் கண்டவர் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய அந்தக் குறிப்பை, அவருடைய கணக்கில் வரவாக வைக்கத்தான் வேண்டும்.

ஆலயப் பிரவேச விஷயத்தில் இந்த மந்திரி சபை தயங்கித் தயங்கியே நடந்தது. எம். சி. ராஜா மாகாணம் முழுவதற்குமாகக் கொண்டுவந்த மசோதாவை அது ஏற்கவில்லை. மலையாள ஜில்லாவுக்கு மட்டும் ஒரு சட்டம் செய்தது. 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரையில் வைத்தியநாதையர் ஹரிஜனங்களோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த பிறகே, தமிழ் நாட்டுக்கும் சட்டம் பிறந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் தம் மசோதாவை வைசிராயிடம் பறிகொடுத்தவர், இப்போது சட்ட மந்திரியாக இருந்தார். 1947ஆம் ஆண்டு ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பிரதம மந்திரியாகி, ஆலயங்களை எல்லோருக்கும் திறந்துவிடும் விரிவான சட்டத்தை நிறைவேற்றியபோதும், அந்த மந்திரி சபையில் உள்நாட்டு இலாகா சுப்பராயனிடம் இருந்தது. முதல் மந்திரியாக இருந்தபோது செய்யாததை, சாதாரண அங்கத்தினராகத் தொடங்கி, இரண்டு பிரதம மந்திரிகளுக்குச் சகாவாக இருந்து, பதினைந்தாண்டு காலத்தில் நிறைவேறக் கண்டார்.

மந்திரி சபைத் தலைவரின் ஆசனம் எதன்மேல் நிற்கிறது என்ற கேள்வி நம் மாகாணத்துக்கு மட்டும் உரியதன்று. மத்திய ஆப்பிரிக்காவில் காங்கோ 1960 ஜூன் 30ஆம் தேதி சுதந்திரம் பெற்றது. பாட்ரிஸ் லுமும்பா முதல் பிரதம மந்திரியானார். செப்டம்பர் 5ஆம் தேதி ஜனாதிபதி கசவுபு அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். பார்லிமெண்டின் இரு சபைகளும் லுமும்பாவின் பக்கம் நின்றன. என்ன பயன்? சில நாட்களில் ராணுவம் குறுக்கே வந்தது. 1961 ஜனவரி 17ஆம் தேதி அவர் கொல்லப்பட்டார். சபையின் நம்பிக்கை இருந்தும் உயிரையே இழந்த அந்த மனிதரை நினைக்கும்போது, நம் மாகாணத்துப் பிரதம மந்திரிகள் ஒருவர் பின் ஒருவராகப் பதவி இறங்கிய விதம் எவ்வளவு பெரிய பாக்கியம் என்று தோன்றுகிறது. இந்தியாவைக் கலந்துகொள்ளாமலே வைசிராய் யுத்தத்தில் இழுத்துவிட்டதைக் கண்டித்து, 1939 அக்டோபர் இறுதியில் இராஜாஜி தாமாகவே விலகினார். பிரகாசம் 1947 மார்ச்சில் தம் கட்சியினரின் நம்பிக்கையை இழந்து விலகினார். கொள்கையாலும் கட்சியாலும் கவிழ்ந்த ஆட்சிகள் உண்டு. துப்பாக்கியால் கவிழ்ந்தது ஒன்றுமில்லை. சபைக்கும் கவர்னருக்கும் இடையே எல்லை எங்கே என்ற வழக்கோ அன்றைக்கும் இருந்தது. நம் காலத்திலும் சட்டசபை நிறைவேற்றிய மசோதாக்கள் ஆளுநரிடம் தேங்கி, உச்ச நீதிமன்றம் வரையில் போய் நிற்கின்றன. 1933ஆம் ஆண்டின் அந்த மசோதா பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிய கதையாகத் தோன்றாது.

சுப்பராயனுடைய மனைவி ராதாபாய் அம்மையாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றத்துக்காக மங்களூரில் உழைத்த குத்முல் ரங்கராவின் புதல்வி அவர். ஜாதி கடந்தும் மொழி கடந்தும் குமாரமங்கலத்துக்கு மருமகளாக வந்தவர். 1930ஆம் ஆண்டு லண்டன் வட்டமேஜை மகாநாட்டுக்கு இந்தியப் பெண்களின் சார்பில் சென்ற இருவரில் ஒருவர். 1938ஆம் ஆண்டு டில்லி ராஜாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணி. ஆலயப் பிரவேச மசோதாவின் பின்னே அந்த வீட்டின் சூழ்நிலையும் இருந்திருக்கும் என்று கருதுவதில் பிழையில்லை.

சுதந்திரத்துக்குப் பின் சுப்பராயன் இந்தோனேசியாவுக்குத் தூதராகச் சென்றார்; 1957ஆம் ஆண்டு திருச்செங்கோட்டு மக்களின் பிரதிநிதியாக லோக் சபையில் அமர்ந்தார்; நேருவின் மந்திரி சபையில் போக்குவரத்து இலாகாவை வகித்தார்; 1962 அக்டோபரில் மகாராஷ்டிர ஆளுநராக இருக்கையில் காலமானார்.

இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களான நமக்கு ஒரு கடமை பாக்கியிருக்கிறது. பழைய சென்னைச் சட்டசபையின் நடவடிக்கைக் குறிப்புகள் தடித்த ஆங்கிலத் தொகுதிகளாக நூலகங்களில் கிடக்கின்றன. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் சரித்திரம் கற்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். சுப்பராயனும் இராஜாஜியும் அந்தச் சபையில் பேசியவற்றிலும், அவர்களை எதிர்த்து மற்றவர்கள் பேசியவற்றிலும் முக்கியமானவற்றைத் தேர்ந்தெடுத்து, நல்ல தமிழில் ஆக்கி, நாமக்கல், சேலம் ஜில்லாக்களின் உயர்நிலைப் பள்ளி நூலகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். இதற்குச் சிலை வைக்கும் செலவில் ஒரு பகுதி போதும். 1932 நவம்பரில் நடந்த ஆலயப் பிரவேச விவாதத்தை முதல் தொகுதியாக வெளியிடலாம்.